அப்பா மொஸ்கோ என்று சொன்ன ஊர்

ஈர மணலில் குதிகால் இழுபடும்போது ஒரு சத்தம் வரும். பானையின் அடியை அகப்பை உரசுவதுபோல, ஆனால் அதைவிடக் கொஞ்சம் மெதுவாக. இத்தாலியின் பலேர்மோ நகரத்து மொந்தெல்லோக் கடற்கரையில், கோடைகாலத்தில் உடுப்பு மாற்றுவதற்கு அடிக்கிற மர அறைகளையெல்லாம் கழற்றிக்கொண்டு போய், குடையும் கூட்டமும் கலைந்து, கடலும் மணலும் எங்களைப் போன்றவர்களுக்கு மிஞ்சுகிற ஒக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில், பூசை முடிந்த கையோடு, மாதா கோயிலுக்குப் போட்ட உடுப்போடேயே நாங்கள் அங்கே போய்விடுவோம். அம்மா போர்வையை விரித்து இடியப்பப் பெட்டியைத் திறக்க முன்னரே அப்பா சப்பாத்தைக் கழற்றி, காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு, வலது குதிகாலால் மணலில் ஓர் ஊரைக் கீறத் தொடங்கிவிடுவார்.

முதலில் ஆறு வரும். மற்றக் கோடுகளையெல்லாம் ஒரு இழுவையில் முடிக்கிற அப்பா ஆற்றுக்கு மட்டும் போய்வந்து போய்வந்து இழுப்பார், அவ்வளவு அகலம். ஆற்றங்கரையில் ஒரு சந்தி. அந்தச் சந்தியிலிருந்து, ஆற்றுக்கு மறுபக்கமாக, விரல்களை அகட்டிய கைபோல ஏழெட்டுத் தெருக்கள் விரியும். அதற்கு எங்கள் வீட்டில் "விசிறி" என்று பெயர். பக்கத்தில் "சின்னாறு" வந்து பெரிய ஆற்றில் விழும். அது விழுகிற முனைக்கு அப்பால் தங்கநிறக் கூரைகளோடு ஒரு பழைய மடம், அது "பொன்முடி". சந்தியின் மேட்டில், ஆற்றைப் பார்த்தபடி, தூண்கள் வைத்த "தீக்கோயில்". எல்லாம் முடிந்தபின், ஊருக்கு வெளியே, வெள்ளைத் தோல் மரங்கள் நிற்கிற இடத்தில் ஒரு சிறிய சிலுவை. சிலுவையைக் கீறிய பிறகு அப்பா வேறொன்றும் கீறமாட்டார். "இதுதான் பிள்ளை மொஸ்கோ," என்று சொல்லிவிட்டுக் காலைக் கழுவக் கடலுக்குள் இறங்குவார்.

நான் பலேர்மோவில் பிறந்தவள். ஆனால் பலேர்மோவில் எந்தத் தெரு எந்தத் தெருவை வெட்டுகிறது என்று பிடிபடுவதற்கு முதலே எனக்கு மொஸ்கோ பிடிபட்டுவிட்டது. தம்பி சண்டை பிடிக்கும்போதுகூட "வா, உன்னைச் சின்னாத்துக்குள்ளை தள்ளுறன்" என்றுதான் சொல்லுவான்.

அப்பா மன்னார்க் கரையில் மீன்பிடித்தவர். அந்த ஊரிலிருந்து ஐரோப்பாவுக்குப் புறப்பட்டபோது அவரோடு கூட வந்தவர் அருளப்பன் மாமா. ஒரே வள்ளத்தில் தொழில் செய்த சிநேகிதர், கல்யாணம் கட்டி ஒரு வருடம்கூட ஆகாத மனிதர். ஏஜென்சிக்காரன் அவர்களைப் பிளேனில் மொஸ்கோவுக்குக் கொண்டுபோய், அங்கேயிருந்து கண்ணாடிகளுக்குத் துணி கட்டிய வான் வண்டி ஒன்றில் ஏற்றினான். வான் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. எங்கே கொண்டுபோகிறாய் என்று அருளப்பன் மாமா கேட்டதற்கு அவன் சொன்ன பதிலை அப்பா அவனுடைய குரலிலேயே சொல்லிக் காட்டுவார். "மொஸ்கோ பெரிய ஊர் தம்பி. ஒரு கரையிலயிருந்து மற்றக் கரைக்குப் போறதுக்குள்ளை விடிஞ்சுபோகும்." கொழும்பையே பயணத்துக்காகத்தான் முதன்முதலாகக் கண்ட இரண்டுபேர் அதை நம்பியதில் என்ன அதிசயம்?

அந்தக் குளிர்காலம் முழுவதும் ஓர் அறை நிறைய ஆட்களோடு அடைபட்டுக் கிடந்தார்கள். வாய் திறந்து வெளியே கதைக்கக் கூடாது, பலகைகளில் இருந்த எழுத்தில் ஒன்றும் விளங்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், இரண்டிரண்டு பேராக, தொப்பியை மூக்குவரை இழுத்துக்கொண்டு ஒரு சுற்று நடந்துவர விட்டார்கள். அந்த முதல் சுற்றில்தான் அப்பாவும் மாமாவும் கோயிலைக் கண்டுபிடித்தார்கள். சந்தி மேட்டில் வெள்ளைத் தூண்கள் வரிசையாக நின்றன. தூண்களுக்கு மேலே முக்கோண முகப்பு. அதற்கும் மேலே உயரமான கோபுரம். பூசை காணாமல் மாதக்கணக்காகிவிட்ட இரண்டு மன்னார்க்காரர் வேறு என்ன செய்வார்கள்? பனிக்குள்ளேயே முழங்காலில் நின்று செபமாலையைத் தொடங்கிவிட்டார்கள். செபமாலையின் முதல் பத்து மணிகளை உருட்டி முடியவில்லை, பக்கத்துக் கதவுகள் படீரெனத் திறந்து, மணியடித்தபடி ஒரு சிவப்பு வண்டி வெளியே பாய்ந்தது. அது தீயணைப்பு நிலையம்.

அப்பா எழும்பி ஓடப் பார்த்தாராம். அருளப்பன் மாமா கையைப் பிடித்து இழுத்து மறுபடி முழங்காலில் நிறுத்தினாராம். "கோயில் எண்டு குந்தியாச்சு. பாதியிலை எழும்பிப்போனால் ஆண்டவர் என்ன நினைப்பார்? நெருப்பு நூக்கிறவங்களும் அவருக்கு வேண்டின ஆக்கள்தானேடா." அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்று, வண்டி மணியடித்து வந்து குழப்பும்வரை செபமாலை சொல்லி, தீயணைப்பு நிலையத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் வீடு திரும்பினார்கள். பிற்பாடு அங்கிருந்த ஒருவன் இவர்களைக் கண்டால் கையசைக்கவும் தொடங்கினானாம். நாங்கள் வயிறு குலுங்கச் சிரிக்கிற இடம் இது. சிரித்து முடிய அப்பாவின் முகம் மாறும், ஏனென்றால் கதையின் அடுத்த பகுதி சிரிக்கிறதற்கு இல்லை.

பனி இளகத் தொடங்கிய நாட்களில் அருளப்பன் மாமாவுக்குச் சளி நெஞ்சில் இறங்கியது. ஏஜென்சிக்காரன் பயத்தில் நாளைக் கடத்தினான். கடைசியில் வான்காரன்தான் மனம்பொறுக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனான். கூடப்போன அப்பா அங்கே கேட்டவர்களுக்கு மாமாவின் உண்மைப் பெயரைச் சொன்னார். மாமா திரும்பி வரவில்லை. வெள்ளை மரங்கள் நின்ற சேமக்காலையில் அடக்கம் செய்தபோது வான்காரனும் அப்பாவும் மட்டும்தான் நின்றார்கள். கடலில் வலை போட்ட இடத்தை மறக்காமலிருக்க மீன்பிடிகாரர் கரையில் இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். இரண்டும் எங்கே நேர்ப்படுகிறதோ அங்கே வலை இருக்கும். அப்பா அன்றைக்கு அதைத்தான் செய்தார். குழிக்குத் தலைமாட்டில் நின்று பார்த்தால் ஒரு மணிக்கூண்டுக் கோபுரத்துக்குப் பின்னால் ஓர் ஆலைப் புகைபோக்கி நேராக நின்றது. அந்தக் கோட்டை மனதில் வாங்கிக்கொண்டு, அடுத்த வாரமே வேறொரு வண்டிக்குள் ஒளிந்து அந்த ஊரைவிட்டு வெளியேறினார். ஞாயிறுதோறும் அவர் மணலில் கீறியது விளையாட்டுக்கு இல்லை. மறந்துபோகக் கூடாது என்பதற்காகக் கீறினார்.

எங்களுக்கு மொஸ்கோவில் ஒரு குழி இருந்தது, பலேர்மோவில் ஒன்றும் இல்லை. இறந்தோர் நாளான நவம்பர் இரண்டாம் தேதி இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இறந்துபோனவர்கள் பரிசு கொண்டுவந்து வைப்பார்களாம். சீனியில் செய்த பொம்மைகளும் பழம்போலச் செய்த பாதாம் இனிப்பும் கடைகளில் அடுக்கியிருக்கும், பூவும் கையுமாகச் சனம் சேமக்காலைக்குப் போகும். ஊரில் இருந்திருந்தால் நாங்களும் கல்லறைகளைத் துப்புரவாக்கி மெழுகுதிரி கொளுத்தியிருப்போம். இங்கே யாருடைய கல்லறையில் கொளுத்துவது? அப்பா அதற்கும் ஒரு வழி கண்டார். கடலைப் பார்த்தபடி மலையடியில் இருக்கும் பெரிய சேமக்காலையில், யாரும் வராமல் பாசிபிடித்துக் கிடந்த சல்வத்தோரே என்கிற யாரோ ஒருவரின் கல்லறையைத் துடைத்து, அதில் அருளப்பன் மாமாவுக்கான மெழுகுதிரியைக் கொளுத்தினார். "கொஞ்சம் இடம் தாருங்கோ ஐயா," என்று தமிழிலேயே கேட்டுவிட்டுத்தான் கொளுத்துவார்.

மன்னாரிலோ மெழுகுதிரி கொளுத்தவே விடவில்லை. மாமாவின் மனைவி ஜெசிந்தா மாமியின் கதையைத் தொலைபேசியில் கேட்டுக்கேட்டு எனக்குப் பாடமாகிவிட்டது. ஊரிலிருந்து மொஸ்கோவுக்குப் படிக்கப்போன பையன் ஒருவனைப் பிடித்து விசாரிக்கச் சொல்லியிருந்தார்கள். அவனும் நல்ல மனதோடுதான் அலைந்தான். அப்படி ஒருவர் மொஸ்கோவில் இறந்ததற்கு எந்தப் பதிவும் இல்லை என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான், ஊர்வாய் சும்மா இருக்குமா? அருளப்பன் வெள்ளைக்காரியைக் கட்டிக்கொண்டு சுகமாக இருக்கிறான், பலேர்மோவில் இருக்கிற சிநேகிதன் அதை மூடிமறைக்கச் சாவுக் கதை கட்டுகிறான் என்று ஆகிவிட்டது. மாமாவின் தாய் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். உயிரோடு இருக்கிற பிள்ளைக்குச் செத்தவர் பூசையா என்று கேட்டு, இறந்தோர் பெயர்கள் வாசிக்கிற பூசையில் மகனுடைய பெயரைக் கொடுக்க அவர் சம்மதிக்கவே இல்லை. மாமியாரை எதிர்த்துக் கொடுக்க ஜெசிந்தா மாமியாலும் முடியவில்லை. "அண்ணை, நான் விதவையோ புருசன் கைவிட்டவளோ எண்டு எனக்கே தெரியேல்லை," என்று ஒருமுறை அவர் சொன்னதை அப்பா ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். அவருடைய துக்கத்தையும் அப்பாவின் சொல்லையும் ஒரே நேரத்தில் ஊர் பொய்யாக்கிவிட்டது.

நடுநிலைப் பள்ளியின் கடைசி வருடத்தில், வாய்மொழிப் பரீட்சைக்கு ஒரு நகரத்தைப் பற்றிப் பேச ஆயத்தம் செய்யச் சொன்னார்கள். நான் எந்த நகரத்தை எடுத்திருப்பேன் என்று சொல்லவும் வேண்டுமா? கரும்பலகையில் ஆற்றை இழுத்து, விசிறியை விரித்து, சின்னாற்றையும் பொன்முடியையும் போட்டுவிட்டு, பெருமையோடு திரும்பினேன். புவியியல் ஆசிரியை ஒன்றும் சொல்லாமல் தன் மேசையிலிருந்த பெரிய வரைபடப் புத்தகத்தை விரித்துக் காட்டினார். மொஸ்கோ வட்டத்துக்குள் வட்டமாக, குறுக்கே வெட்டிய வெங்காயம் போல இருந்தது. விசிறியைக் காணோம். சின்னாறும் இல்லை. இருந்த ஆறோ பாம்புபோல நெளிந்தது. கடைசி வாங்கு வரிசையில் இருந்து ஒருவன், உன் அப்பா மொஸ்கோவில் இருந்தாரா அல்லது மொஸ்கோ என்கிற சாராயக்கடையில் இருந்தாரா என்று கேட்டான். ஆசிரியை அவனை அதட்டிவிட்டு என்னிடம் சொன்னார்: "உன் அப்பா பார்க்காததைக் கீறியிருக்க மாட்டார். ஆனால் இது மொஸ்கோ இல்லை, வேறு ஏதோ ஊர்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தப் பையன் மீதும் கோபம், ஆசிரியை மீதும் கோபம், வெங்காயம் போல இருந்த மொஸ்கோ மீதும் கோபம். வீட்டுக்குப் போய்ச் சப்பாத்துக் கழற்றாமலே எல்லாவற்றையும் கொட்டினேன்.

"நான் இருந்த ஊரை எனக்கே படிப்பிக்கிறாவோ உங்கடை ரீச்சர்?" என்றார் அப்பா. "பிளேன் மொஸ்கோவிலைதானே இறங்கினது?"

"பிறகு வானுக்குள்ளை இருந்து விடியவிடிய ஓடினீங்களே," என்றேன்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகப் போயிற்று என்று அம்மா சமையலறையிலிருந்து முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு அப்பா சொன்னதும் கேட்டது. "மொஸ்கோ இல்லையெண்டால், அப்ப நான் அவனை எங்கை விட்டிட்டு வந்தனான்?" ஒரு பெரிய மனிதர் அப்படிப் பயந்து நான் அதற்குமுன் கண்டதில்லை. அந்த ஊரைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அந்தக் கணமே எனக்குள் ஏறிவிட்டது. பிடிவாதத்தில் நான் அம்மாவின் பிள்ளை, பிடித்தால் உடும்புதான்.

அம்மா லிபெர்த்தாத் தெருப் பக்கம், சிஞ்ஞோரா என்று நாங்கள் சொல்கிற ஒரு வயதான இத்தாலிய அம்மாளைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தார். அதே கட்டடத்தில் மேல்மாடித் தாத்தாவைப் பார்த்துக்கொண்டவள் காலீனா என்கிற ரஷ்யப் பெண். உடுப்புக் காயப்போடுகிற கொடியில் அம்மாவும் அவளும் சிநேகிதம். பள்ளி விட்டு அம்மாவுக்காகக் காத்திருக்கிற நேரத்தில் நான் முற்றத்துச் சீமெந்தில் சோக்கட்டியால் ஊரைக் கீறி, காலீனாவைக் கீழே இறங்கி வரச்சொன்னேன். அவள் ஊர் சைபீரியாவில் எங்கேயோ. இதைப் பார்த்ததும் தெரியாது என்று உதட்டைப் பிதுக்கினாள். ஆனால் நான் கீறிய ஆற்றின் அகலத்தைப் பார்த்துவிட்டு நின்றாள். ஆறு உறைந்தபோது நடுவில் குந்தியிருந்து மீன்பிடித்தவர்கள் கரையிலிருந்து பார்க்கக் கடுகளவுதான் தெரிந்தார்கள் என்று அப்பா சொன்னதையும் சொன்னேன். "மொஸ்கோ ஆற்றில் செருப்பை எறிந்தால் அக்கரையில் விழும்," என்றாள் தன் உடைந்த இத்தாலியனில். "ஒரு இராத்திரி முழுக்க வான் ஓடி, இப்படி ஒரு ஆறு என்றால், அது வோல்கா."

அதன்பிறகு எனக்கு வேறு வேலை இல்லை. ஆசிரியையிடமே அந்த வரைபடப் புத்தகத்தை இரவல் கேட்டேன். கோபத்தைக் கொஞ்சம் மடித்து வைத்துவிட்டுத்தான் கேட்டேன், அவரும் சிரித்துக்கொண்டு தந்தார். வோல்கா தொடங்குகிற இடத்திலிருந்து விரலை வைத்துக்கொண்டு இறங்கினேன். முதலில் த்வேர் என்று ஓர் ஊர். அங்கே மூன்று தெருக்கள் மட்டும் முள்ளுக்கரண்டி போலப் பிரிந்தன, அதை விசிறி என்று சொல்ல முடியாது. அடுத்து யாரொஸ்லாவ்ல், சின்னாறு ஒன்று வந்து விழுந்தது, ஆனால் சந்தியைக் காணவில்லை. அதற்கும் கீழே, அதிகம் பேர் கேள்விப்படாத கொஸ்த்ரோமா. சின்னப் பெட்டிக்குள் போட்டிருந்த நகரப் படத்தில் பெரிய ஆறு, அதில் வந்து விழும் சின்னாறு, ஆற்றங்கரையில் ஒரு சந்தி, சந்தியிலிருந்து விரிகிற தெருக்கள். புத்தகத்தைச் சுற்றிப் பிடித்துத் தலைகீழாகவும் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் மொந்தெல்லோ மணல்தான்.

அப்படியும் அப்பாவிடம் போக மனம் துணியவில்லை. இரண்டாம் தடவையும் பிழையாய்ப் போனால் அந்த மனிதர் உடைந்துபோவார். பலறோச் சந்தைப் பக்கம் வங்காளதேசத்து அண்ணர் ஒருவர் நடத்திய இன்டர்நெற் கடையில் போய்க் குந்தி, காலீனா ரஷ்ய எழுத்தில் எழுதித் தந்த சொற்களைப் பார்த்துப் பார்த்து அடித்தேன். அந்தக் காலத்தில் படம் மேலேயிருந்து கோடு கோடாகத்தான் இறங்கும். முதலில் வானம் வந்தது. பிறகு ஒரு கோபுரத்தின் உச்சி, கோபுரம், முக்கோண முகப்பு. கடைசியில் வெள்ளைத் தூண்கள் ஒவ்வொன்றாக இறங்கி நிலத்தில் கால்வைத்தன. கீழே என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க எனக்கு யாரும் தேவைப்படவில்லை.

அச்செடுத்த தாளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பிரான்காச்சோவுக்குப் பஸ் ஏறினேன். அப்பா அங்கே ஒரு தச்சுப் பட்டறையில் வேலை செய்தார். வாள் இரையும் சத்தத்துக்குள் நான் நீட்டிய தாளை மரத்தூள் படிந்த கையால் வாங்கிப் பார்த்தார். வாளை நிறுத்தினார். தொப்பியைக் கழற்றினார். பிறகு, பட்டறையில் எல்லோரும் பார்த்திருக்க, அந்தப் படத்துக்கு முன்னால் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். முதலாளி எட்டிப் பார்த்து, இது எந்தக் கோயில் என்று கேட்டார். "கோயில் இல்லை, தீயணைப்பு நிலையம்," என்று அப்பா இத்தாலியனில் சொன்னார். முதலாளி என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் அப்பா அந்த ஊரின் பெயரை மெதுவாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். கொஞ்சம் பொறுத்து, "உன்ரை ரீச்சர் சொன்னது சரிதான் பிள்ளை," என்றார். அதைச் சொல்ல அவருக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. வேறொன்றுதான் கஷ்டமாக இருந்தது. தான் பிழையான பெயரைச் சொன்னதால்தானே ஒரு பெண் இத்தனை வருடம் பழி சுமந்தாள் என்று சொல்லிவிட்டு, யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பொய் சொன்னது ஏஜென்சிக்காரன், நீங்கள் இல்லை என்று நான் சொன்னேன்.

மிச்சத்தைக் காலீனா செய்தாள். மேல்மாடித் தாத்தா மத்தியானம் நித்திரை கொள்கிற நேரங்களில் எங்கள் தொலைபேசி அட்டைகளைக் கொண்டு அந்த ஊருக்கு அழைப்பு எடுத்து, ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறி, ஒருத்தியோடு சண்டையும் பிடித்து, கடைசியில் பதிலைப் பெற்றாள். இலங்கை நாட்டுக்காரன், ஆஸ்பத்திரியில் இறந்தவன், நகரத்துக்கு வெளியே உள்ள சேமக்காலையில் அடக்கம். பெயரை அவர்கள் எழுதியிருந்த விதத்தில் அவள் வாசித்தாள்: "அருலாப்பன்." அம்மா அடுப்பை அணைத்துவிட்டு நிலத்தில் இருந்துவிட்டார். ஆனால் எந்தக் குழி என்பதற்கு அடையாளம் இல்லையாம். மரச்சிலுவைகள் அந்தக் குளிரில் எத்தனை வருடம் தாங்கும்? அதைக் கேட்டு அப்பா கலங்கவில்லை. ஆலைப் புகைபோக்கி இன்னும் நிற்கிறதா என்று மட்டும் கேட்கச் சொன்னார். நிற்கிறது என்றார்கள்.

மன்னாருக்கு அப்பாதான் அழைப்பு எடுத்தார், ஸ்பீக்கரில் போடவில்லை. நான் கதவோரம் நின்றேன். நடந்ததை முழுக்கச் சொல்லி முடித்தார். பிறகு அப்பா அந்தப் பெயரைத் துண்டு துண்டாகச் சொல்லத் தொடங்கினார். "கொஸ்... ஓம்... த்ரோ... ஓம் தங்கச்சி, மா." ஜெசிந்தா மாமி கேட்டது இவ்வளவுதானாம்: "ஊரின்ரை பேரை இன்னொருக்கால் சொல்லுங்கோ அண்ணை. பூசையிலை வாசிக்கேக்கை பிழை விடக்கூடாது."

மாமாவின் தாயிடம் யார் சொல்வது என்பதுதான் எல்லோருக்கும் பயம். அந்தக் கிழவியின் நம்பிக்கையைப் பறிக்கிற வேலையில் எனக்கும் பங்கு உண்டு என்று விளங்கியபோது என் துள்ளல் அடங்கிப்போயிற்று. ஜெசிந்தா மாமியே போய்ப் பக்கத்தில் இருந்து சொன்னாராம். தாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தூண் வைத்த தீயணைப்பு நிலையத்தில் முழங்காலில் நின்ற இடம் வந்தபோது, "அது என்ரை பிள்ளைதான், எழும்பமாட்டான்," என்று சொல்லி அழத்தொடங்கினாராம். அந்த நவம்பரில் மன்னாரில் எங்கள் ஊர்க் கோயிலில், கடலில் போனவர்களுக்கும் சண்டையில் போனவர்களுக்கும் நடுவே, அருளப்பன், கொஸ்த்ரோமா என்று வாசித்தார்கள். இன்றைக்கும் ஒவ்வொரு வருடமும் வாசிக்கிறார்கள். ரஷ்யாவிலேயே பலர் நினைக்காத ஒரு மாகாண நகரத்தின் பெயரை எங்கள் ஊரில் வலை தைக்கிற கிழவர்கள்கூடப் பிழையில்லாமல் சொல்வார்கள்.

பரீட்சையில் நான் கொஸ்த்ரோமாவைப் பற்றியே பேசினேன். அரச வம்சம் ஒன்றின் முதல் மன்னனை, இளைஞனாக இருந்தபோது, அந்தப் பொன்முடி மடத்திலிருந்துதான் ஆட்சிக்கு அழைத்துப்போனார்கள் என்று சொன்னேன். லினன் துணிக்கான ஆளிச்செடி விளைந்து, நூலாகி, ஆலைகளில் துணியாகி வோல்கா வழியே இறங்கிய ஊர் என்று சொன்னேன். அருளப்பன் மாமாவின் புகைபோக்கி அப்படிப்பட்ட ஆலை ஒன்றினுடையதாக இருக்கலாம். மர வீடுகளாக இருந்த அந்த ஊர் ஒருமுறை பெரும் தீயில் எரிந்து போக, புதிதாக எப்படிக் கட்டுவது என்று கேட்டவர்களுக்கு அரசி தன் கைவிசிறியை விரித்துக் காட்டியதாக ஒரு கதை அங்கே உண்டு. அப்படி எரிந்து அடிபட்ட ஊர், தீயணைக்கிறவர்களுக்குக் கோயில் மாதிரி ஒரு வீடு கட்டிக்கொடுத்ததில் என்ன பிழை? அதைக் கோயில் என்று கும்பிட்டவர்களிலும் பிழை இல்லை என்று சொல்லி முடித்தேன். கடைசி வாங்குக்காரன் கைதட்டினான். அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போது நான் இதே பலேர்மோவில் நகரப் பஸ் ஓட்டுகிறேன்; தெருப் பைத்தியம் வேறு எங்கே கொண்டுபோய் விடும்? அந்தப் பழைய வாழ்க்கையில் பாதி கழன்று போய்விட்டது. இன்டர்நெற் கடை இருந்த இடத்தில் கைத்தொலைபேசி உறை விற்கிறார்கள். சிஞ்ஞோராவும் மேல்மாடித் தாத்தாவும் இறந்துபோனார்கள், காலீனா தன் மகளோடு வடக்கே போய்விட்டாள். ஊர் கீறுகிற ஞாயிறுகள் இல்லை. பெயர் தெரிந்தபிறகு அப்பா மணலில் குதிகால் வைக்கவே இல்லை. மொஸ்கோ என்கிற சொல் எங்கள் வீட்டைவிட்டே போய்விட்டது. சல்வத்தோரேயின் கல்லறைக்கு மட்டும் அப்பா இன்னும் போகிறார். இத்தனை வருடம் இடம் தந்த மனிதரைக் காரியம் முடிந்ததும் கைவிடுவதா என்பது அவருடைய நியாயம். இப்போது அங்கே சல்வத்தோரேக்கும் சேர்த்து இரண்டு மெழுகுதிரி எரிகிறது.

மாமாவின் தாய் போன வருடம் கண்ணை மூடினார். அதன்பிறகு ஜெசிந்தா மாமி, மாமாவின் குழியடிக்குக் கூட்டிக்கொண்டு போவாயா என்று என்னிடம் கேட்டார், நானும் ஓம் என்றுவிட்டேன். அவர் கொழும்பிலிருந்து வருகிறார், நானும் அப்பாவும் இஸ்தான்புல் வழியாகப் போகிறோம், மூன்றுபேரும் மொஸ்கோவில் சந்திக்கிறோம். அந்த ஊர் இதற்காவது உதவட்டும். அந்தப் பக்கம் சண்டை நடக்கிற காலத்தில் உங்களுக்கு என்ன விசர் என்று அம்மா கேட்கிறார். நியாயமான கேள்விதான், எனக்கும் பயம் உண்டு. ஆனால் அந்தக் கோபுரத்தையும் புகைபோக்கியையும் ஒரே கோட்டில் கண்டவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான், அவருக்கு முழங்கால் இன்னும் ஒத்துழைக்கிறது. ஆலையை எப்போது இடிப்பார்களோ யாருக்குத் தெரியும்? ஆகவே போகிறோம். "ஒளிச்சு ஓடின ஊருக்கு இப்ப சீல் குத்திக்கொண்டு போறன்," என்று அப்பா தன் புதிய கடவுச்சீட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார்.

நேற்று அவருக்குத் தொலைபேசியில் அந்த வெள்ளைத் தூண்களைக் காட்டினேன். அங்கே இப்போது தீயணைப்புக்காரர் இல்லை, அதைப் பழம்பொருட்கள் காட்டுகிற நூதனசாலை ஆக்கிவிட்டார்கள் என்று சொன்னேன். கையசைத்த அந்த மனிதனை நினைத்தாரோ என்னவோ, படத்தை விரலால் பெரிதாக்கி அந்தக் கதவுகளைத் தேடினார். பிறகு, சேமக்காலைக்குத்தானே முதலில் போவது என்று நான் கேட்டதற்குத் தலையை ஆட்டி மறுத்தார்.

"முதல் இஞ்சை. நானும் அவனும் ஒருநாளும் அந்தச் செபமாலையை முழுசாச் சொல்லி முடிச்சதில்லை, வண்டி வந்திடும். இனி வண்டி வராதுதானே. ஆறுதலா நிண்டு முடிச்சிட்டு அவனட்டைப் போவம்."